மாமியார் வீட்டு பிரிட்ஜும் பாதி எலெக்ட்ரானும்

உலகத்திலேயே அதிகமாகக் குளிரும் பிரிட்ஜ்களில் ஒன்று என் சகலையிடம் இருக்கிறது. நான் ராஜபாளையம் பஞ்சு மார்க்கெட் பக்கம் பிரிட்ஜ் ரிப்பேர் கடை வைத்திருக்கிறேன். ஒரே வீட்டில் பெண் எடுத்த இரண்டு பேருக்கு ஆண்டவன் இப்படித் தொழில் பிரித்துக் கொடுத்திருக்க வேண்டாம். அவர் டாக்டராகவோ தாசில்தாராகவோ இருந்திருந்தால் நான் என் பாட்டுக்கு இருந்திருப்பேன். தாசில்தாரைப் பார்த்து ஒரு மெக்கானிக் ஏன் வயிறெரியப் போகிறான்? பக்கத்து ஸ்டூலில் இருப்பவன் மேல்தான் பொறாமை வரும். இவர் என் ஸ்டூலுக்குப் பக்கத்திலேயே சிம்மாசனத்தைப் போட்டு உட்கார்ந்துவிட்டார்.

ஆள் சோழபுரத்துக்காரர். என் மனைவியின் தங்கையைக் கட்டியவர். பெங்களூரில் ஒரு ஆராய்ச்சி நிலையத்தில் வேலை. என்ன வேலை என்று கேட்டால் பதில் சொல்வார், அதுதான் அவரிடம் உள்ள பெரிய குறை. இயற்கையில் கிடைக்காத பொருளை அடுக்கடுக்காகக் கட்டி, அதற்குள் இதுவரை யாரும் நிச்சயமாகப் பார்த்திராத ஒன்றை வரவழைக்கும் வேலை. உடுக்கடித்து ஆவியை வரவழைக்கிற கோடாங்கி செய்வதும் ஏறக்குறைய இதுதான் என்று ஒருமுறை சொன்னேன். அவர் சிரிக்காமல் கொஞ்சம் யோசித்துவிட்டு, "ஒரு வகையில சரிதாண்ணே" என்றார். ஜோக்கை ஒப்புக்கொள்கிற ஆளிடம் ஜோக் சொல்வதைப்போலக் கொடுமை வேறில்லை.

இவர் வருவதற்கு முன்னால் ஸ்ரீவில்லிபுத்தூர் மாமனார் வீட்டில் நான் ராஜா. அதற்குக் காரணம் ஒரு பிரிட்ஜ்.

என் கல்யாணத்துக்குச் சீர் வந்தபோது கட்டில், பீரோவோடு பச்சை நிறத்தில் ஒரு பிரிட்ஜும் வண்டியில் இருந்தது. எங்கள் வீட்டில் அப்போதே மூன்று பிரிட்ஜ் நின்றுகொண்டிருந்தன. மூன்றும் ஊரார் ரிப்பேருக்குக் கொடுத்தவை, ஒன்றும் ஓடாது. நான்காவதை வைக்க இடம் இல்லை. "இது அத்தை வீட்டுலயே இருக்கட்டும், அங்கதான் பிரிட்ஜ் இல்லையே" என்று திருப்பி அனுப்பினேன். இடப் பிரச்சினையில் செய்த காரியம். ஸ்ரீவில்லிபுத்தூருக்குப் போய்ச் சேர்வதற்குள் அது தியாகமாகிவிட்டது. 'சீர் வந்த பிரிட்ஜையே மாமியாருக்குக் குடுத்த மாப்பிள்ளை' என்று அந்தத் தெருவில் பேராகிவிட்டது. சொந்தக்காரர்கள் வந்தால் அத்தை முதலில் தண்ணீர் கொடுப்பார். அது எந்தப் பிரிட்ஜில் இருந்து வந்த தண்ணீர் என்பதையும் சேர்த்துக் கொடுப்பார்.

அந்தப் பேரைக் காப்பாற்றத்தான் நான் பட்ட பாடு. முதலில் ரிலே போனது, மாற்றினேன். தெர்மோஸ்டாட்டை மாற்றினேன். கம்ப்ரஸரை மாற்றினேன், மாற்றிய கம்ப்ரஸரையும் மாற்றினேன். மேலே உள்ள ஐஸ் பெட்டி ஓட்டையாகி, வேறு பிரிட்ஜில் இருந்து ஒன்றைக் கழற்றிப் பொருத்தினேன். கதவு ரப்பர் எத்தனை போனது என்று எனக்கே நினைவில்லை. என் மனைவி ஒருநாள் சொன்னாள், "இப்ப அதுல எங்க அப்பா வாங்குனது கதவு மட்டுந்தான்." இருக்கட்டும். வெளியே தெரிவது கதவுதானே.

பிறகு சின்னவள் கல்யாணம் வந்தது. சோழபுரத்து மாப்பிள்ளை சீரே வேண்டாம் என்று சொல்லிவிட்டார். கட்டில் வேண்டாம், பீரோ வேண்டாம், ஒரு குடம்கூட வேண்டாம். ஒற்றைப் பிரிட்ஜைத் திருப்பிக் கொடுத்து நான் இத்தனை வருஷமாகச் சம்பாதித்து வைத்திருந்ததை ஒரே மூச்சில் தாண்டிப் போய்விட்டார். அதுவும் முகத்தில் எந்தப் பெருமையும் இல்லாமல். பெருமைப்பட்டிருந்தாலாவது நான் நாலு பேரிடம் குறை சொல்லியிருப்பேன்.

போன ஆடிப்பூரத்துக்கு எல்லோரும் ஸ்ரீவில்லிபுத்தூரில் கூடினோம். தேருக்கு முந்தின நாள் மதியம் சாப்பாடு. மாமா பக்கத்தில் முதல் இலை எனக்கு, அடுத்த இலை சகலைக்கு. மாமா பால் வியாபாரம் பார்த்தவர். குளிர் என்றால் அவருக்கு மரியாதை உண்டு.

"சின்ன மாப்ள, உங்க ஆபீஸு பிரிட்ஜு எம்புட்டுக் குளிரும்?"

"வானத்துல நட்சத்திரங்களுக்கு நடுவுல ஒண்ணுமே இல்லாத இடம் இருக்குல்ல மாமா, அதைவிட நூறு மடங்குக்கு மேல."

மாமா கையில் எடுத்த சோற்றை அப்படியே வைத்திருந்தார். நான் குறுக்கே புகுந்தேன். குளிர் என் இலாகா.

"அதுல என்ன வைப்பீக தம்பி? மாவு வச்சாப் பொங்காதே."

"ஒரு சின்னச் சில்லுண்ணே. நகத்தளவு."

"அம்புட்டுப் பெரிய பிரிட்ஜுல நகத்தளவா? மத்த தட்டெல்லாம் சும்மா கிடக்கா?"

என் மனைவி மட்டும் சிரித்தாள். அது பழக்கதோஷம்.

"கேஸ் என்ன போடுதீக?"

"ஹீலியம்ணே. ரெண்டு வகை ஹீலியத்தைக் கலந்து."

"கலந்த கேஸா? போன வாரந்தான் கேஸுல கலப்படம்னு ஒரு சப்ளையர் பயல ஏசிட்டு வந்தேன்."

இப்போதும் அவர் சிரிக்கவில்லை. "இல்லண்ணே, அந்தக் கலப்புலதான் குளிரே வருது. ஒண்ணு இன்னொண்ணுக்குள்ள கரையும்போது சூட்டை எடுத்துக்கிடும்" என்றார். எனக்குப் புரிந்துவிட்டது. அதுதான் இன்னும் எரிச்சல். புரியாமல் இருந்தால் புரியவில்லை என்று கேலி செய்திருக்கலாம்.

அத்தை சாம்பார் கரண்டியோடு நின்றுகொண்டே கேட்டார், "அந்தச் சில்லுல என்னதான் தேடுதீக மாப்ள?"

அவர் தன் இலையில் இருந்த ஒரு முருங்கைக்காயை எடுத்து இலையின் நடுவில் நீளவாக்கில் வைத்தார்.

"இது ஒரு கம்பின்னு வச்சுக்கோங்கத்தை. நம்ம தலைமுடியில ஆயிரத்துல ஒரு பங்கு தடிமன். இதுமேல நெய் தடவுன மாதிரி அலுமினியம் பூசியிருக்கோம். ரொம்பக் குளிர வச்சா அலுமினியத்துல கரண்டு தடையே இல்லாம ஓடும். அந்தக் குணம் கம்பிக்கும் ஒட்டிக்கிடும். அப்பப் பாத்துக் காந்தத்தையும் சரியான அளவுல வச்சோம்னா, ஒரு எலெக்ட்ரானை ரெண்டாப் பிச்ச மாதிரி, பாதி இந்த முனையில போய் உக்காரும், பாதி அந்த முனையில."

"பிச்சா அதுக்கு வலிக்காதா?" என்றார் அத்தை.

"நடுவுல?" என்றார் மாமா.

"நடுவுல ஒண்ணும் இருக்காது மாமா. அதான் விசேஷம். ஒரு முனையில யாராச்சும் போயித் தட்டுனாலும் இடிச்சாலும் விஷயம் அழியாது. ஏன்னா அது முழுசா எந்த முனையிலயும் இல்லை. ரெண்டு பாதிக்கும் சேத்து வச்ச மாதிரி."

"எதுக்கு ஆகும்?"

"புதுமாதிரி கம்ப்யூட்டருக்கு. சுலபமாத் தப்புப் பண்ணாத கம்ப்யூட்டர்."

மாமா தலையை ஆட்டினார். பால் கணக்கு பார்த்தவருக்குத் தப்புப் பண்ணாதது எதுவானாலும் பிடிக்கும். அத்தை குனிந்து, நடுவில் கிடந்த முருங்கைக்காயை எடுத்துப் போட்டுவிட்டு, "ஆறிப்போச்சு" என்று சூடாக வேறு இரண்டு வைத்தார். அந்த வீட்டில் என் முருங்கைக்காய் எத்தனையோ தடவை ஆறியிருக்கிறது. யாரும் மாற்றியதில்லை.

மோர் ஊற்றும் நேரத்தில் கொழுந்தியாள் ஒரு செய்தியை எடுத்துவிட்டாள். "அம்மா, ஒங்களுக்கு இவங்க புது பிரிட்ஜ் ஆர்டர் போட்டிருக்காங்க. ரெட்டைக் கதவு. நாளன்னிக்கு வந்துரும்."

எனக்கு மோர் புரையேறியது.

அத்தை அடுப்படியைத் திரும்பிப் பார்த்தார். பச்சைப் பிரிட்ஜ் அங்கே உறுமிக்கொண்டிருந்தது. "இது நல்லாத்தான ஓடுது" என்றார். பிறகு என்னைப் பார்த்தார். "பெரிய மாப்ள கைவச்சது. எதுக்கு வீணா? வேண்டாம்னு திருப்பி அனுப்பிரலாம்ல?"

"அனுப்பலாம்" என்றாள் கொழுந்தியாள். குரல் இறங்கிவிட்டது.

"வரட்டும், அப்பப் பாத்துக்கிடுவோம்" என்றார் மாமா.

ஆக, நாளை மறுநாளுக்குள் முடிவாக வேண்டும். பச்சைப் பிரிட்ஜ் இருக்கிறதா, போகிறதா? பார்க்கிறவர்களுக்கு அது ஒரு பழைய டப்பா. எனக்கு, அந்த வீட்டில் நான் இல்லாத நாளிலும் நான் இருப்பதற்கு அத்தாட்சி. பாதி நான் ராஜபாளையத்தில் கடையைப் பார்த்துக்கொண்டிருந்தால், மீதிப் பாதி ஸ்ரீவில்லிபுத்தூர் அடுப்படியில் உறுமிக்கொண்டிருக்கும். சகலை இலையில் வைத்துக் காட்டியது எனக்கு உடனே புரிந்ததற்கு அதுவும் ஒரு காரணம்.

ஒரு உண்மையையும் சொல்லிவிடுகிறேன். அவர் தொழிலைப் பற்றி நான் ரகசியமாகப் படித்திருந்தேன். கடையில் வேக்கம் பம்ப் ஓடிக்கொண்டிருக்கும்போது காதில் ஹெட்போன் மாட்டி வீடியோ பார்ப்பேன். வெள்ளைக்காரன் பேசுவதில் பாதி புரியாது. புரிந்தவரை ஒன்றைப் பிடித்து வைத்திருந்தேன். இந்தத் துறையில் 'கண்டுபிடித்துவிட்டோம்' என்று சொல்லிவிட்டுப் பிறகு வாபஸ் வாங்கியவர்கள் உண்டு. அதைக் கேட்ட அன்று கடையில் எல்லோருக்கும் டீ வாங்கிக் கொடுத்தேன். எதற்கு என்று யாருக்கும் சொல்லவில்லை.

அன்று சாயங்காலம் இருவரும் டீக்கடைக்கு நடந்தபோது ஒன்றும் தெரியாதவன்போலக் கேட்டேன்.

"தம்பி, உங்களுது நெசமாவே அதுதானா? வேற எதுவும் அந்த மாதிரி வேஷம் போடாதா?"

அவர் நின்றுவிட்டார். என்னை அவர் அப்படிப் பார்த்தது அதுதான் முதல் தடவை.

"அதாண்ணே பயம். ஒரு முனையில அளந்துட்டோம். கிராப்புல நட்டநடுவுல, அது எங்க வரணுமோ அங்க, ஒரு மேடு தெரியுது. அதை நம்பித்தான் ஆராய்ச்சிப் பத்திரிகைக்கு எழுதியும் குடுத்துட்டோம். ஆனா மறுமுனையிலயும் அதே மேடு தெரியணும். அங்க அளக்க இப்பத்தான் வழி பண்ணியிருக்கோம். பசங்க நாளைக்கு அளக்காங்க."

"தெரியலைன்னா?"

"எழுதுனதைத் திரும்ப வாங்கணும். வேலையும் இன்னும் நிரந்தரம் ஆகலை. இதை வச்சுத்தான் ஆகணும்." டீயை வாங்கி ஊதிக்கொண்டே இருந்தார், குடிக்கவில்லை.

மறுநாள் தேர். கூட்டத்தில் நெருக்கிப் போய் வடத்தைத் தொட்டுக் கும்பிட்டபோது நான் என்ன வேண்டிக்கொண்டேன் என்பதை இங்கே எழுத மாட்டேன். ஆண்டாள் அதைக் காதில் வாங்கியிருக்கக் கூடாது என்று அன்று சாயங்காலமே வேறொரு வேண்டுதலும் வைத்தேன்.

தேர் பார்த்துவிட்டு வீட்டுக்கு வந்ததும் அவர் போனோடு கொல்லைப்புறம் போனார். அடுப்படி ஜன்னல் வழியாகப் பார்த்தேன். தண்ணீர்த் தொட்டி ஓரம் உட்கார்ந்து, போனில் இருந்த ஒரு படத்தை இரண்டு விரலால் பெரிதாக்கினார், சிறிதாக்கினார், மறுபடி பெரிதாக்கினார். போனைத் தலைகீழாகத் திருப்பியும் பார்த்தார். நானும் சில பிரிட்ஜ்களைக் கடைசியாக அப்படிப் பார்த்ததுண்டு, இனி ஒன்றும் செய்வதற்கில்லை என்று தெரிந்த பிறகு.

சாப்பாட்டுக்கு உட்கார்ந்தோம். சொல்ல மாட்டார் என்று நினைத்தேன். நானாக இருந்தால் சொல்லியிருக்க மாட்டேன். என் தொழிலில் தப்பு என்ற சொல்லே கிடையாது. வோல்டேஜ் பிரச்சினை என்ற சொல் உண்டு. இத்தனை வருஷத்தில் நான் செய்த தப்பை எல்லாம் அந்த வோல்டேஜ்தான் சுமந்திருக்கிறது.

"அத்தை, நேத்து முருங்கைக்காயை வச்சு ஒண்ணு சொன்னேன்ல. அது தப்பு."

"முருங்கைக்காயா? நம்ம கொல்லையில காச்சதுதான மாப்ள."

"இல்லத்தை. எங்க கம்பியில நாங்க பாத்தது அது இல்லை. கம்பியில எங்கயோ ஒரு அழுக்கு, ஒரு குறை இருக்கு. அது அதே மாதிரி மேடு காட்டியிருக்கு. மறுமுனையில அளந்தாச்சு. அங்க ஒண்ணுமே இல்லை. காலி."

கொழுந்தியாள் இலையையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுக்கு முன்பே தெரிந்திருந்தது.

"இது எம்புட்டு வருஷத்து வேலை?" என்றார் மாமா.

"கல்யாணத்துக்கு முன்னாடி ஆரம்பிச்சது மாமா."

"இப்ப என்ன பண்ணுவீக?"

"தப்புன்னு எழுதிக் குடுக்கணும். நாளைக்கே எழுதணும். வேற யாரும் எங்களுதை நம்பி வேலையை ஆரம்பிச்சுரக் கூடாதுல்ல. பொறவு வேற கம்பி பண்ணணும், அழுக்கு இல்லாம."

நான் காத்திருந்தேன். இந்த இடத்தில் அவருடைய மதிப்பு ஒரு படியாவது இறங்க வேண்டும். வேறு எந்த வீட்டிலும் இறங்கியிருக்கும். கடையில் நான் ஒரு கம்ப்ரஸரைக் கருக்கிவிட்டேன் என்று ஒப்புக்கொண்டால் வாடிக்கையாளர் பக்கத்துக் கடைக்குப் போய்விடுவார்.

மாமா இடது கையை நீட்டி அவர் முதுகில் வைத்தார். அந்த மனுஷன் கல்யாணத்தன்று என் கையைப் பிடித்து மகளைக் கொடுத்ததோடு சரி, அதற்குப் பிறகு என்னைத் தொட்டதே இல்லை. அத்தை உள்ளே போய்ப் பால்கோவாப் பொட்டலத்தைப் பிரித்து வந்தார். கரண்டியைத் தேடவில்லை, கையாலேயே எடுத்து அவர் இலையில் வைத்தார். என் மனைவி முந்தானையால் கண்ணைத் துடைத்தாள். என் மனைவி. மழையில் கடைக்குள் தண்ணீர் புகுந்து நாலு கம்ப்ரஸர் போனபோது, "நாந்தான் மேல தூக்கி வைங்கன்னு சொன்னேன்ல" என்று சொன்ன அதே மனைவி.

பொட்டலம் என் இலைக்கு வரும்போது மிச்சம் உதிரிதான் இருந்தது.

அவர் ஜெயித்துக்கொண்டிருந்தபோது எனக்கு இருந்த பொறாமை ஒரு பங்கு. அவர் தோற்ற அன்று வந்ததுதான் ஆளையே எரித்தது. தோற்பதற்கும் ஒரு தகுதி வேண்டும்போல. தப்பு என்று சொன்னதும் நாலு பேர் கண் கலங்குகிற அளவுக்குப் பெரிதாக எதையாவது செய்துகொண்டிருக்க வேண்டும்.

சாயங்காலம் மனைவி வந்து தயக்கத்தோடு நின்றாள்.

"ஏங்க, அம்மா ஒண்ணு சொல்லச் சொன்னா. நீங்க தப்பா எடுத்துக்கிடக் கூடாது."

"பிரிட்ஜா?"

"அந்தப் பிள்ளை மனசு ஒடிஞ்சு போயிருக்காரு. இந்த நேரத்துல அவரு ஆசையா வாங்குனதை வேண்டாம்னு திருப்பி அனுப்புனா நல்லாவா இருக்கும்? பெரிய மாப்ள புரிஞ்சுக்கிடுவாருன்னு சொல்லுதா."

"வேலையில தோத்ததுக்கு பிரிட்ஜுல ஜெயிக்க வைக்காகளாக்கும்?"

"என்னது?"

"ஒண்ணுமில்லை. புரிஞ்சுக்கிட்டேன்னு சொல்லு."

மறுமுனையில் அந்த மேடு தெரிந்திருந்தால் பச்சைப் பிரிட்ஜ் தப்பித்திருக்கும். ஜெயித்த மாப்பிள்ளையின் பிரிட்ஜைத் திருப்பி அனுப்புவதில் அத்தைக்குச் சங்கடம் இருந்திருக்காது. வடத்தைத் தொட்டு நான் வேண்டியது எனக்கே எதிராக வந்து நின்றது. தேர் வடத்தைப் பிடித்து இழுத்தால் தேர் நம் பக்கம்தான் வரும் என்று யோசிக்காமல் போய்விட்டேன்.

மறுநாள் காலை புது பிரிட்ஜ் வந்தது. சாம்பல் நிறம், ஆளுயரம். இறக்கி வைத்த பையன்கள், "பிட் பண்ணிக் குடுக்க கம்பெனி ஆளு வருவாரு, நாலஞ்சு நாள் ஆகும்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்கள்.

அத்தை என்னைப் பார்த்தார். "அதான் பெரிய மாப்ள இருக்காருல்ல."

இருந்தேன். என் பிரிட்ஜை எழுப்பிவிட்டு அந்த இடத்தில் உட்காரப் போகிற பிரிட்ஜுக்கு நானே அட்டைப்பெட்டி பிரித்தேன். நானே மட்டம் பார்த்தேன். அடியில் இருந்த கால் திருகை நானே திருகினேன். வண்டியில் குலுங்கி வந்த பிரிட்ஜை உடனே போடக் கூடாது, செத்த நேரம் நிற்க வேண்டும், கம்ப்ரஸருக்குள் எண்ணெய் இறங்க வேண்டும் என்று எல்லோருக்கும் பாடம் எடுத்தேன். சகலை பயபக்தியோடு கேட்டுக்கொண்டார். "எங்க பிரிட்ஜு குளிர்றதுக்கும் ரெண்டு மூணு நாளு ஆகும்ணே" என்றார். அதைச் சொல்லாமல் இருந்திருக்கலாம்.

பச்சைப் பிரிட்ஜில் இருந்ததை எல்லாம் அத்தை வெளியே எடுத்து வைத்தார். இட்லி மாவு, பால், மாமாவின் கண் மருந்து, வாழை இலையில் சுற்றிய மல்லிகைப்பூ, உள்ளே என்ன இருக்கிறது என்று யாருக்கும் நினைவில்லாத ஒரு டப்பா. டப்பாவும் பத்திரமாகப் புது பிரிட்ஜுக்குள் போனது. அத்தை ஈரத்துணியால் பச்சைக் கதவை ஒருமுறை துடைத்துவிட்டார். போகிற பிரிட்ஜை எதற்குத் துடைக்க வேண்டும்? அதை மட்டும் நான் மனதில் வைத்துக்கொண்டேன்.

குட்டியானை வண்டி வந்தது. தூக்க ஆள் இல்லை, எல்லோரும் தேர்க்கடைகளைப் பார்க்கப் போய்விட்டார்கள். சகலை வேட்டியை மடித்துக் கட்டினார்.

"நான் கீழ்ப்பக்கம் பிடிக்கேண்ணே."

"கம்ப்ரஸர் இருக்கிற பக்கம் தம்பி, கனமா இருக்கும்."

"பரவால்ல."

வாசல் படியில் திரும்பும்போது அவர் ஒரு முனை, நான் ஒரு முனை. பிரிட்ஜில் நடுவில் பிடிக்க எதுவும் கிடையாது. ஒருவன் விட்டால் மற்றவன் காலில்தான் விழும். அந்தக் கொஞ்ச நேரம் எனக்கு அவர்மேல் பொறாமைப்படக் கை ஒழியவில்லை.

அவரும் கூடவே ராஜபாளையத்துக்கு வருகிறேன் என்று சொல்லி வண்டியில் ஏறிவிட்டார். பின்னால் பிரிட்ஜை நிமிர்த்தி வைத்து, சாயாமல் ஆளுக்கொரு பக்கம் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தோம். பிரிட்ஜ் நடுவில் நின்றதால் ஒருவர் முகம் ஒருவருக்குத் தெரியவில்லை. ஒருவேளை அதனால்தான் பேசினாரோ என்னவோ.

"அண்ணே, புது பிரிட்ஜ் வாங்குனதுல ஒங்களுக்கு வருத்தமா?"

"சேச்சே. தொழில்ல இருக்கிறவனுக்குப் புது பிரிட்ஜு வந்தா சந்தோசந்தான தம்பி. நாளைக்கு ரிப்பேருக்கு வரும்ல."

வண்டி ஒரு பள்ளத்தில் இறங்கி ஏறியது. பிரிட்ஜ் அவர் பக்கம் சாய்ந்து என் பக்கம் வந்தது.

"அத்தை போன் பண்ணுனா ஒங்களை என்ன கேப்பாங்கண்ணே?"

"என்ன கேப்பாக. 'எப்ப வாரீக'ம்பாக. எதாச்சும் கெட்டுப்போயிருக்கும்."

"என்னைய ஒருநாளும் அப்படிக் கேட்டதில்லை. நான் வந்து எறங்குன ஒடனே, 'எப்பப் போறீக மாப்ள'ம்பாங்க. டிக்கெட்டு, லீவு எல்லாம் கேப்பாங்க. மரியாதையாத்தான் கேக்காங்க." பிரிட்ஜுக்கு அந்தப் பக்கம் அவர் பிடியை மாற்றிக்கொண்டது தெரிந்தது. "அந்த வீட்டுல கெட்டுப்போற மாதிரி என்னோடது ஒரு சாமான்கூட இல்லைண்ணே. அதான் வாங்குனேன்."

ஜோக் எதுவும் கைவசம் இல்லை. அதனால், "நல்லாப் பிடிங்க தம்பி, திருப்பம் வருது" என்றேன். சாலை நேராகத்தான் இருந்தது.

கடையில் இறக்கி, கொஞ்ச நேரம் கழித்து பிளக்கைச் சொருகினேன். ஒரு உதறு உதறிவிட்டு அது வழக்கம்போல உறும ஆரம்பித்தது. சகலை கீழே உட்கார்ந்து காதை வைத்துக் கேட்டார்.

"நல்லாத்தானண்ணே ஓடுது."

"ஓடாம? அம்புட்டும் புதுசு. ரிலே, தெர்மோஸ்டாட்டு, கம்ப்ரஸர், ஐஸ் பெட்டி, கேஸு, ரப்பர், எல்லாம் மாத்தியாச்சு."

"அப்ப எதுண்ணே பழசு?"

"கதவு. பொறவு உள்ள இருக்கிற லைட்டு. அது எரியாது."

அவர் சிரித்தார். சத்தமாக, கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தார். கல்யாணமான நாளில் இருந்து அந்தச் சிரிப்புக்காக நான் சொல்லாத ஜோக் இல்லை. கடைசியில் ஜோக்கே இல்லாத ஒன்றுக்குச் சிரித்தார்.

அந்த நேரம் அத்தையிடம் இருந்து போன் வந்தது. கை ஈரம் என்று சாக்குச் சொல்லி ஸ்பீக்கரில் போட்டேன். கை ஈரமாக இல்லை.

"மாப்ள, இந்தப் புது பிரிட்ஜு சத்தமே போட மாட்டேங்கு. ஓடுதா இல்லையான்னே தெரியலை. நானும் தொறந்து தொறந்து பாக்கேன். பழசுன்னா அடுப்படியில ஒரு ஆளு இருக்க மாதிரி இருக்கும். நீங்க எப்ப வாரீக?"

நான் நிமிர்ந்து சகலையைப் பார்த்தேன். அவர் பச்சைக் கதவைத் திறந்து, எரியாத விளக்கை விரலால் தட்டிக்கொண்டிருந்தார்.

"நாளைக்கு வாரேன் அத்தை" என்றேன், கொஞ்சம் சத்தமாகவே.

"சரி. சின்ன மாப்ள பக்கத்துல இருக்காரா? எதாச்சும் சாப்பிட்டாரான்னு கேளுங்க. காலையில இருந்து முகமே வாடிப் போயிருந்துச்சு. நல்ல கடையாப் பாத்து வயித்துக்கு வாங்கிக் குடுங்க, என்ன?"

நானும் காலையில் இருந்து சாப்பிடவில்லை. அது எந்த முனையிலும் யாருக்கும் தெரியவில்லை.

கடையைப் பூட்டிவிட்டு அவரைப் பரோட்டாக் கடைக்குக் கூட்டிப் போனேன். அந்தக் கடையில் நான் பல வருஷ வாடிக்கை. அவர்கள் ஐஸ் பெட்டி கெட்டுப்போனால் ஓடி வருவது நான். இரண்டு இலை போட்டார்கள். சால்னா வாளியோடு வந்தவர் என்னைப் பார்த்து, "வாங்கண்ணே" என்று தலையாட்டிவிட்டு, முதலில் சகலை இலையில் ஊற்றினார்.